ஏழாம் எண் கருங்குருவி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் இட்லிக்கு மாவு அரைத்தாயிற்று. கிரைண்டர் கல் மறுபடியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது.

தம்பி மகன் தருண் ஹைதராபாத்திலிருந்து கூப்பிட்டான். "அத்தை, பொள்ளாச்சில ஒருத்தர் பைக் விக்கறாராம். பேக்கரிக்காரர். எனக்காக ஒருக்கா பாத்துட்டு வந்துருங்க. போட்டோவுல எல்லாமே அழகாத்தான் இருக்கும். நீங்க பாத்தாத்தான் நம்புவேன்" என்றான்.

வண்டிக்குக் கருங்குருவி என்று பெயராம். கோவையில் ஒரு பட்டறைக்காரர் பழைய புல்லட் இஞ்சின்களை எடுத்து, புதுச் சட்டத்தில் வைத்து, பன்னிரண்டே பன்னிரண்டு வண்டி செய்தாராம். அதோடு நிறுத்திவிட்டாராம். ஒவ்வொரு டாங்கிலும் எண் பொறித்திருக்குமாம். இது ஏழாவது.

"பன்னெண்டுக்கு மேல செய்யத் தெரியாதாமா?" என்று கேட்டார் இவர்.

நாட்குறிப்பில் ஆள் வந்தால் அறிமுகம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆகவே: இவர் என் கணவர் சென்னியப்பன், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை பூங்கோதை. எங்கள் வாகனம் ஒரு ஸ்கூட்டி. நான் ஓட்டுவேன், இவர் பின்னால் உட்காருவார். வண்டி எடுக்கும் முன் என் தோளில் இரண்டு தட்டு, "ரைட்." நிறுத்த ஒரு தட்டு. இவர் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. "ஓட்டறது டிரைவர் வேலை. எடுக்கறதும் நிறுத்தறதும் என்ற வேலை" என்பார்.

ஜூன் 4, புதன்

தருணுக்காகப் போய்ப் பார்த்தேன்.

மயில்சாமி என்பவர் பேக்கரியின் பின்கட்டில், மைதா மூட்டைகளுக்கு நடுவில், பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர். விரிப்பை எடுத்ததும் வெனிலா எசன்ஸ் வாசனையோடு ஒரு கறுப்பு வண்டி தெரிந்தது. மிகவும் தாழ்வானது. தும்பிபோல உடம்பு, உருண்டை விளக்கு, டாங்கில் சிறிய பித்தளை எழுத்தில் ஏழு.

"ஏனுங்க விக்கறீங்க?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறக்கும் முன் அவர் மனைவி சுகந்தி கல்லாவிலிருந்தே சொன்னார். "இவரு இதுல போறதப் பாத்திருக்கீங்களா டீச்சர்? சர்க்கஸ்ல கரடி சைக்கிள் ஓட்டுமே, அதாட்ட இருக்கும்."

"பன்னெண்டையும் குலுக்கல் போட்டுத்தான் குடுத்தாங்க, அதுல என்ற பேரு வந்துருச்சுங்க. பேரு வந்தப்பறம் வேண்டாம்னு சொல்ல மனசு வருமா? ஒசரத்த யாரு யோசிச்சா" என்றார் மயில்சாமி.

தருண் என்னைவிட ஒரு முழம் உயரம். இருந்தாலும் சோதனைக்காக நானே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. நான் வளர்ந்த அளவுக்கு இது ஒரு செய்தி. பஸ் சீட்டில்கூட எனக்குக் கால் தொங்கும்.

பிறகு ஸ்டார்ட் செய்து காட்டினார். நான்கு வீச்சு இஞ்சின் படத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! உள்ளிழுப்புக்கு நீலச் சாக்பீஸ், வெடிப்புக்குச் சிவப்பு. என் ஸ்கூட்டிக்குள்ளும் அதே இஞ்சின்தான், ஆனால் அது மூடிக்குள் உட்கார்ந்து தேனீபோல ஒரே இரைச்சலாக இரையும். இது ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகச் சொல்கிறது. படத்தில் நான் சிவப்புச் சாக்பீஸ் பூசிய இடம் இப்படித்தான் சத்தம் போடும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

திரும்பும்போது ஒரு வெண்ணெய் பன் வாங்கினேன். இரண்டாக வாங்கியிருக்கலாம். இவர் கேட்டார்.

ஜூன் 6, வெள்ளி

தருண் கூப்பிட்டான். நண்பனின் பழைய கார் கிடைத்துவிட்டதாம். பைக் வேண்டாமாம். "சாரி அத்தை, உங்களை அலைய வெச்சுட்டேன்."

நல்லது. கார்தான் பாதுகாப்பு.

ஆனால் ஒரு பொருளைப் பாதி ஆராய்ந்துவிட்டு விடுவது முறையல்ல. தவளையைப் பாதி அறுத்துவிட்டு யாரும் மூடி வைப்பதில்லை. நாளை டயரையும் பிரேக்கையும் பார்த்துவிட வேண்டும். இவரிடம் தருண் சொன்னதை இன்னும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டிவியில் செய்தி ஓடியது.

ஜூன் 9, திங்கள்

கடைவீதியில் ஒரு சுடிதார் எடுத்தேன். நடைப்பயிற்சிக்கு. இத்தனை வருடம் புடவையில்தான் நடந்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் மாறுதல் நல்லது. கணுக்கால் வரை மூடும் ஷூ ஒரு ஜோடி. மழைக்காலம் வருகிறது.

டயர் நன்றாக இருக்கிறது. பிரேக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. ஷூ நனையக்கூடாது என்று வீட்டுக்குள் போட்டு நடந்தேன்.

ஜூன் 14, சனி

இவரையும் கூட்டிப் போனேன். ஒரு பொருளை இரண்டு பேர் பார்த்தால் பிழை குறையும்.

இவர் வண்டியைச் சுற்றி வந்தார். டிப்போவில் பஸ்ஸைப் பார்ப்பதுபோல டயரைக் காலால் உதைத்தார். பின்பக்கம் வந்து நின்றுவிட்டார்.

"ஏனுங், பின்னால சீட்டக் காணமே?"

"ஒத்தச் சீட்டுதானுங்க. அதானுங்க இதோட அழகே" என்றார் மயில்சாமி. "பன்னெண்டுமே அப்படித்தான். ஒரு போல்ட்ட மாத்துனாலும் லிமிடெட் எடிஷன்ங்கற மதிப்பு போயிருமுங்க."

"ஒத்த ஆளுக்கு ஒரு வண்டி! இத எங்க டிப்போவுக்குக் கொண்டாந்திருந்தா அப்படியே திருப்பி உட்டிருப்பம்."

ராத்திரி சோறு போடும்போது மறுபடி ஆரம்பித்தார். "அந்தக் காசுக்கு ரெண்டு கறவ மாடு வாங்கலாம்."

"மாட்டுக்கும் பின்னால சீட் இல்லீங்களே" என்றேன்.

"மாடு பால் குடுக்கும். ஆமா, தருணு ஒத்தைல போறதுக்கா இத்தன காசு?"

ரசம் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

வண்டியின் குறைகளை ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். கிக்கர் கொஞ்சம் கனம். கண்ணாடி சிறியது. பின் இருக்கை இல்லை (இவர் சொன்னது).

ஜூன் 18, புதன்

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ராக்கியப்பனிடம் போய், கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று பொதுவாக விசாரித்தேன். என்னிடம் இருப்பது கியர் இல்லாத வண்டிக்கானது.

"யாருக்குங்க டீச்சர், பேரனுக்கா?"

"பேரனுக்கு மூணு வயசு."

"அப்பறம் யாருக்குங்?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"செரிங்க, பொதுவா ரெண்டு போட்டோ குடுத்துட்டுப் போங்க" என்றார்.

கைப்பையில் தற்செயலாக இருந்தன. ஆர்.டி.ஓ. ஆபீசில் எல்.எல்.ஆர். தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுதினேன். ஒரு கேள்விக்கு இரண்டு விடைகள் சரியாக வருகின்றன. அதிகாரியிடம் போய் எடுத்துச் சொன்னேன். அவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். நல்ல பள்ளியில் படித்தவராக இருக்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மயில்சாமியின் தென்னந்தோப்பில் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு. ரோடு இல்லை, ஆள் இல்லை, மண் பாதை மட்டும். இவர் பழைய சிநேகிதர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தார். நான் நடைப்பயிற்சி.

ஸ்டார்ட் ஆயிற்று. கிளட்ச் பிடித்து முதல் கியர் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் நான் வண்டியை எடுக்கவில்லை.

"போலாமுங்க டீச்சர்" என்றார் மயில்சாமி.

இஞ்சின் சூடாகட்டும் என்று இருந்தேன். தோளில் எறும்பு ஊர்வதுபோல ஒரு உணர்வு. தட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பிறகு எடுத்தேன்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்ல முயன்று இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். முதன்முதலில் நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்த பிள்ளை தலையைத் தூக்கி நம்மைப் பார்க்குமே, ஒரு பார்வை. அது மட்டும் பொருந்துகிறது. இரண்டு பக்கமும் தென்னை மரங்கள் வரிசையாக வந்து வந்து போயின. மூன்றாவது கியர் வரை போட்டேன்.

வளைவில் தேங்காய் மட்டைக் குவியல் இருந்தது. அதன்மேல் மெதுவாகச் சாய்ந்தோம். சாய்ந்தோம் என்றால் கருங்குருவியும் நானும். மயில்சாமி ஓடி வந்து டாங்கைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான், "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே டீச்சர்?" என்றார். எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது.

ஜூன் 23, திங்கள்

இடுப்பு வலி. இவர் என்ன ஏதென்று கேட்டார். துணி அலசும்போது பிடித்துக்கொண்டது என்றேன். வாஷிங் மெஷின் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இவருக்கு அது ஞாபகம் வரவில்லைபோலும், தைலம் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது முதுகிலிருந்து தேங்காய் நார் ஒன்றை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டார்.

ஜூன் 27, வெள்ளி

மயில்சாமி கூப்பிட்டார். பாலக்காட்டிலிருந்து ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். அவரிடம் ஏற்கெனவே மூன்று கருங்குருவிகள் இருக்கின்றனவாம். ஹாலில் கண்ணாடிக் கூண்டு கட்டி உள்ளே நிறுத்தியிருக்கிறாராம்.

"ஓட்டறதில்லீங்களா?"

"பெட்ரோலே ஊத்தறதில்லையாமுங்க. தொடைக்கறதுக்கு மட்டும் ஒரு ஆள் வெச்சிருக்காரு."

ஆய்வகத்தில் பாட்டிலுக்குள் ஊறும் தேரை ஞாபகம் வந்தது.

"ஆடி பொறந்துட்டா எங்கம்மா விக்க உடமாட்டாங்க டீச்சர். வாங்கறவங்களும் வரமாட்டாங்க. அதுக்குள்ள முடிக்கோணும். உங்களுக்குன்னா ஒரு வழி சொல்றன். உங்க ஸ்கூட்டியச் சுகந்திக்குக் குடுத்துட்டு மிச்சத்த மட்டும் குடுங்க. தருண் தம்பிகிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?"

"தருணுக்கு இல்லீங்க. எனக்கு."

சொன்ன பிறகு காது சுட்டது. பணிக்கொடையில் மிச்சம் இருப்பதைப் பற்றியும், ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு என்பது பற்றியும் ஏதோ சேர்த்துச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "தெரியுமுங்க. சுடிதார்ல வந்தீங்கள்ல, அன்னைக்கே சுகந்தி சொல்லிட்டா" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். முன்னுரை, விளக்கம் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். முன்னுரையிலேயே நிறுத்திவிட்டார்.

"தருணு காரு வாங்குன அன்னைக்கே போட்டோ அனுப்பிட்டான்" என்றார்.

"அப்ப ஏன் கேக்கலீங்க?"

"நீ சொல்லட்டும்னு இருந்தன். அப்ப ஸ்கூட்டி?"

"மயில்சாமி சம்சாரத்துக்கு."

"செரி" என்றார். மூடி முழுவதும் துருவி முடித்து, ஓடு தெரிந்த பிறகும் துருவிக்கொண்டிருந்தார். "எனக்குப் பாஸ் இருக்குது. டவுன் பஸ்ஸு நம்ம வீதி முக்குலயே நிக்குது."

ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்கும் இலவச பாஸைச் சொல்கிறார். நடுவில் எதற்கு அந்தப் பேச்சு என்று புரியவில்லை. வாங்கட்டுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்கள் என்றேன்.

"பூ கேட்டுருவம். கெணறு வெட்டறப்பக் கேட்டம், பாப்பா கண்ணாலத்துக்குக் கேட்டம். இதுக்கும் ஆத்தாகிட்டயே கேட்டுருவம். வெள்ள வந்தா வாங்கு. செகப்பு வந்தா அத்தோட உட்ரோணும். இன்னொருக்காப் பேசப்படாது."

இதை நான் வகுப்பில் எப்படி விளக்குவேன்? வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பை இன்னொன்றிலும் கட்டி அம்மன் காலடியில் வைத்தால், பூசாரி ஒன்றை எடுப்பார். அதுதான் உத்தரவு. நாணயம் சுண்டுவதைவிட வாசனையானது, வேறு வித்தியாசம் இல்லை. பாதிக்குப் பாதி. ஆனால் கிணற்றிலும் தண்ணீர் வந்தது, மகளும் நன்றாக இருக்கிறாள். சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை.

ஜூலை 4, வெள்ளி

கியாஸ் வந்தது. பாலக்காட்டுக்காரர் தினமும் கூப்பிடுகிறாராம். மயில்சாமி ஞாயிறு மாலை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 5, சனி

இவரே பூப் பறித்து வந்தார். வெள்ளரளியும் செவ்வரளியும். இரண்டும் அரளி என்பதால் கனமும் தடிப்பும் ஒன்றுதான், தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இவ்வளவு முறையாகச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. நாள்காட்டியில் கிழித்த தாள்கள் எங்கள் வீட்டில் அன்றன்றே வெந்நீர் அடுப்புக்குப் போய்விடும். முந்தின இரண்டு நாள் தாள்களை இதற்காகவே எடுத்து வைத்திருந்தார். பூஜை அலமாரிக்கு எதிரே எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினார். நூலில் ஐந்தாறு முடிச்சு.

முதுகைக் காட்டி.

இவர் முடிவெட்டிக்கொள்ளப் போன பிறகு யோசித்தேன். இந்த வண்டியைப் பற்றி இவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மாட்டைப் பற்றித்தான் சொன்னார். அப்படிப்பட்டவரிடம் பொட்டலம் கட்டும் வேலையைக் கொடுத்தால், இரண்டிலும் சிவப்பை வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? முடிவில் விருப்பம் உள்ளவர் சோதனைக் குழாயைத் தொடக்கூடாது என்பது பாலபாடம்.

பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் பிரித்துப் பார்ப்பது கட்டிய கணவரைச் சந்தேகப்படுவதாகும். அதனால் பிரிக்கவில்லை. மாற்றிவிட்டேன்.

வேலியில் வெள்ளரளி நிறைய இருந்தது. தாள்தான் சிக்கல். நாள்காட்டியில் இன்றைய தாளையும் நாளைய தாளையும் விட்டுவிட்டு, அதற்கு அடியிலிருந்து இரண்டை உருவினேன். திங்கள் காலை வரை யாருக்கும் தெரியாது. திங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. இவர் கட்டியவை என் கைப்பையின் உள்ளறையில் இருக்கின்றன.

முடிவில் விருப்பம் உள்ளவர் என்று மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அது இவரைப் பற்றி எழுதியது.

ஜூலை 6, ஞாயிறு

வெள்ளை.

பூசாரி கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, வலது பக்கம் இருந்ததை எடுத்தார். பிரித்துப் பார்த்ததும், "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா, எடுங்கம்மிணி வண்டிய" என்றார். மற்றதைப் பிரிக்கக்கூடாது என்பது வழக்கம். நல்ல வழக்கம். அதை நானே வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இவர் பூவை என்னிடம் கொடுத்துவிட்டு, அது சுற்றியிருந்த தாளை நீவிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அம்மன் காலடியில் இருந்த தாள் அல்லவா, பத்திரப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, இவர் குளிக்கப் போனதும், இவருடைய பொட்டலங்களைப் பிரித்தேன். குற்றத்தைக் கையோடு பிடிக்கும் ஆவல்தான், வேறென்ன. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது.

ஒன்றில் வெள்ளை.

இன்னொன்றிலும் வெள்ளை.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்கும் வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் இவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்தேன். என்ன விசேஷம் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிப்பது இவர் வேலை. நான் சமையலறையில் மிக்சியை ஓட்டிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் அதிக நேரமாகவே.

"டீச்சர்!" என்று கூப்பிட்டார். இவர் என்னை டீச்சர் என்றால் விஷயம் இருக்கிறது. "இங்க வந்து பாரு. இந்த வாரம் நமக்குத் திங்களும் செவ்வாயும் கெடையாதாட்ட இருக்குது. நேரா பொதங்கெழம."

போய் நின்றேன். இவர் சட்டைப் பையிலிருந்து, மஞ்சள் கறை படிந்த திங்கட்கிழமையை எடுத்து, இரண்டு பருக்கை சோற்றைத் தேய்த்து அதன் இடத்தில் ஒட்டினார்.

"திங்க வந்துருச்சு. செவ்வாய எங்க வெச்சிருக்க?"

"கைப்பையில."

"அதுலயும் வெள்ளயா?"

"வெள்ளைதான்."

"நான் கட்டுனதும் வெள்ளதான்."

"பாத்தேன்."

"செகப்பு வெச்சிருப்பன்னு நெனச்சயாக்கும்?"

"ரெண்டுலயும்" என்றேன். பொய் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது.

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பது வருசம் டிக்கெட்டுக் கிழிச்சிருக்கறன். ஒரு செக்கிங்கும் என்னைய இப்படிப் புடிச்சதில்ல. அதும் ஒண்ணுமே திருடாதப்ப!"

"அப்ப எதுக்குங்க பூவெல்லாம்? நேரா வாங்குன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நாஞ் சொல்லி வாங்கி, நாளைக்கு நீ எங்கியாச்சும் மட்டைக் குமியல்ல உழுந்தயின்னா என்னையத்தான் சொல்லுவ. ஆத்தா சொன்னான்னா ஆரு பேசறது?"

மட்டைக் குவியல். பாலக்காடு வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"நீ தோப்புல ஓட்டுனத மயில்சாமி சொன்னான்" என்றார், துண்டை உதறிக்கொண்டே. "மூணாவது கியர் போட்டயாமா. ஓட்டு. நான் எங்க போறதுன்னாலும் பஸ்ஸுல வந்துக்கறன். எனக்குத்தான் பாஸ் இருக்குதே."

இந்தத் தடவை பாஸ் பேச்சு எதற்கென்று புரிந்தது. மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளிடம் நான் கோபித்துக்கொண்டதே கிடையாது. என்னிடமும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஜூலை 9, புதன்

வண்டி என் பெயருக்கு வந்துவிட்டது. ஸ்கூட்டியைச் சுகந்தி வாங்கிக்கொண்டார். லைசென்ஸ் வரும் வரை கருங்குருவி மைதா மூட்டைகளோடேயே இருக்கட்டும் என்று மயில்சாமியிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். அவர் கையிலிருந்த தேங்காய் பன் கீழே விழுந்தது.

"டீச்சர், ஓட்டை போட்டா பன்னெண்டுல ஒண்ணுங்கற பேரே போயிருமுங்க! நாளைக்கு நீங்க விக்கோணும்னா ஒருத்தரும் சீந்தமாட்டாங்க."

"விக்கறதுக்கு வாங்கலீங்க."

"பாலக்காட்டுக்காரரு கேள்விப்பட்டார்னா அழுதுருவாருங்க."

"அவர்கிட்ட இன்னும் மூணு இருக்குதல்ல, அதப் பாத்து ஆறுதல் பட்டுக்கட்டும்."

ஜூலை 11, வெள்ளி

வெல்டிங் பட்டறையில் இரண்டு மணி நேரம். பின்பக்கம் ஒரு சிறிய சீட், கால் வைக்க இரண்டு பக்கமும் கம்பி, பிடித்துக்கொள்ள ஒரு வளையம். துளை போடும்போது மயில்சாமி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார், தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கூட்டி வந்த தகப்பன்போல. ஆர்.சி.யில் பின் இருக்கையைப் பதிய வேண்டிய வேலையை ராக்கியப்பன் பார்த்துக்கொள்கிறார்.

இவருக்குத் தெரியாது. ஒரு முறை மாட்டிக்கொண்டவள் என்பதால் இந்த முறை எங்கேயும் தாள் எதையும் உருவவில்லை.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்தாயிற்று. இவருடன் டவுன் பஸ்ஸில் சந்தைக்குப் போனேன். இவருக்குப் பாஸ், எனக்கு மகளிர் இலவசம். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "வாங்கண்ணா, நீங்க ரெண்டு பேரும் ஏறுனா கார்ப்பரேஷனுக்கு நட்டம்" என்றான். இவருக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாய்க்குள்ளேயே "ரைட்" சொன்னார்.

ஜூலை 28, திங்கள்

எட்டுப் போட்டேன். கருங்குருவியிலேயே. கால் ஊன்றவில்லை. ஆய்வாளர் இன்னொரு தடவை போடச் சொன்னார். ஏதாவது தவறா என்று கேட்டேன். "இல்லீங்க, வண்டி நல்லாருக்குது, இன்னொருக்காப் பாக்கலாம்னு" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு நோம்பி

ஆழியாறு அணைக்குப் போவது வருடா வருடம் வழக்கம். தக்காளிச் சாதம், தயிர்ச் சாதம், கிழங்கு வறுவல். இவர் டிபன் கேரியரோடு கிளம்பி நின்றார். "எட்டே காலுக்கு வால்பாற பஸ்ஸு. நீ உன்ற குருவில வா. நான் அணைக்கட்டுக்கிட்ட எறங்கி நிக்கறன்" என்றார்.

பேக்கரியிலிருந்து வண்டியை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினேன். இவர் சுற்றி வந்தார். பின்பக்கம் வந்து நின்றுவிட்டார்.

"இதென்னம்மிணி இது?"

"மூட்டை வைக்க."

"என்ன மூட்ட?"

"சட்டையெல்லாம் போட்டு, டிபன் கேரியர் வெச்சுக்கிட்டு நிக்குதே, அந்த மூட்டை. ஏறுங்க, பஸ்ஸ விட்டுட்டீங்கன்னா அப்பறம் என்னையச் சொல்லுவீங்க."

இவர் சீட்டை அமுக்கிப் பார்த்தார். வளையத்தை ஆட்டிப் பார்த்தார். ஓட்டை போட்ட இடத்தில் விரலை வைத்தார். "மதிப்புப் போயிருக்குமே" என்றார்.

"போயிருச்சுங்க. ஏறுங்க."

ஏறினார். நான் கிக்கரை உதைத்து, கிளட்ச் பிடித்து, முதல் கியர் போட்டுக் காத்திருந்தேன். இஞ்சின் ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது. தோளில் ஒன்றும் விழவில்லை.

"என்னங்க?"

"இரு. முன்னால தண்ணி லாரி வருது."

லாரி போனது. இரண்டு தட்டு.

அணைக்கட்டில் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. என்ன வண்டி, என்ன மைலேஜ், எங்கே கிடைக்கும் என்று இளைஞர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் நான்கு வீச்சு இஞ்சினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். யாரும் நிற்கவில்லை, எல்லோரும் இவர் பக்கம் போய்விட்டார்கள். இவர் டிபன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு, பின் சீட்டில் சாய்ந்தபடி, பெரிய மனிதராகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"மொத்தமே பன்னெண்டு வண்டிதானப்பா. பாசஞ்சர் ஏத்தறது இது ஒண்ணுதான்."